பாதிக்கப்படாதவர்கள்

மேல்முறையீட்டு அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். மைமூன் கோபமாக இல்லை. கைபேசியில் வந்த எடைச் சீட்டைத் தாளில் அச்சடித்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து மேல்முறையீட்டு அலுவலர் ஜெனோவாவின் மேசைமேல் வைத்தார்.

"இதுல ஏதோ தப்பு இருக்கும்மா. சைபர் புள்ளி சைபர் சைபர் சைபர் நாலுன்னு போட்டிருக்கு."

ஜெனோவா பார்த்தாள். தீர்மானம் 212. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், சேறு படியும் அடிமண் தொட்டிகளுக்குள் துப்புரவுப் பணியாளர்கள் இறங்கும்முன் காத்திருக்க வேண்டிய நேரத்தை இரண்டு மணியிலிருந்து அரை மணியாகக் குறைக்கலாமா? வாக்காளர்: மைமூன் பாத்திமா, வயது 52, தேநீர்க்கடை. எடை: 0.0004. காரணம்: புதன்கிழமைக் குடிநீர்.

"தப்பு இல்லீங்க. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மொத்தம் நூறு எடை. அந்த முடிவால யாருக்கு எவ்வளவு பாதிப்புன்னு தராசு மெசினு பாக்கும். உடம்பு, வீடு, பொழப்பு, நேரம். அதுக்குத் தகுந்த மாதிரி நூறையும் பிரிச்சுக் குடுத்துரும். இந்த விசயத்துல தொட்டியில இறங்குதவங்க முப்பத்தெட்டுப் பேரு. ஆளுக்கு ரெண்டரை. அதுவே தொண்ணூத்தஞ்சு ஆச்சு. மிச்சம் அஞ்சு, ஊர்ல இருக்க பதினோராயிரம் பேருக்கு."

"எனக்குப் புதன்கிழமை தண்ணி வரும், அதான் காரணமா?"

"ஆமா. புதன்கிழமை தொட்டி கழுவுத நாள். ஒவ்வொரு தொட்டியிலயும் கெட்ட வாயு போக ரெண்டு மணி நேரம் காத்து ஊதுனா, அதுவரைக்கும் பம்பு ஓடாது. இப்ப புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் குழாய்ல தண்ணி இல்லல்லா? அரை மணி ஆக்கிட்டா நிக்காம வரும்."

வெண்மணல்துறையில் ஆலை வாசலுக்கு எதிரே கடை வைத்திருப்பவர் மைமூன். இருபது ஆண்டுகளாகத் தொட்டியிலிருந்து ஏறி வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது அவர் கடையில்தான்.

"அந்தப் புள்ளைங்க மேல வரும்போது கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி இருக்கும்மா. ரெண்டு மணி நேரம் ஊதியே அப்படி. இத நான் பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்குப் பாதிப்பு இல்லையா?"

"அவங்க உங்க சொந்தமா?"

"இல்ல."

"அவங்க வேலை போனா உங்க கடை வியாபாரம் குறையுமா?"

"அதுக்காகவா வந்திருக்கேன்?"

ஜெனோவாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் விதி தெளிவாக இருந்தது. "பாக்குததுக்குத் தராசுல எடை இல்லீங்க. பாதிக்கப்படாதவங்க பாதிக்கப்பட்டவங்க தலையில முடிவத் திணிக்கக் கூடாதுன்னுதானே இத வச்சோம்."

மனுவின் கீழே 'தள்ளுபடி' என்று பதிந்தாள். மைமூன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

விதி என்று ஜெனோவா சொன்னது வெறும் உத்தியோகப் பேச்சல்ல. தராசை அவள் மனதார நம்பினாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், ஊர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் சட்டம் வந்தபோது, வெண்மணல்துறை தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டது. அந்தச் சாசனத்துக்காக வீடு வீடாகப் போனவர்களில் அவளும் ஒருத்தி. அதற்குமுன் ஆளுக்கொரு வாக்கு இருந்தது. ஆனால் தொட்டிப் பணியாளர்களும் அவர்கள் குடும்பங்களுமாக ஆலைக் குடியிருப்பில் இருந்தவர்கள் நானூறு பேர். ஊரில் மற்றவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். குடியிருப்புக்கு எது வேண்டுமென்றாலும் வாக்கெடுப்பில் தோற்றது. யாரும் அவர்களை வெறுத்துத் தோற்கடிக்கவில்லை. அவர்கள் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். தராசு வந்த முதல் ஆண்டிலேயே குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, தார்ச்சாலை வந்தது. அன்று அங்கே ஜெனோவாவுக்கு மாலை போட்டார்கள்.

தீர்மானம் 212 நிறைவேறியது. முப்பத்தெட்டுப் பணியாளர்களில் முப்பத்தைந்து பேர் 'குறைக்கலாம்' என்றார்கள். மூன்று பேர் 'கூடாது'. ஊரில் முக்கால்வாசிப் பேர் வாக்களிக்கவே இல்லை. 0.0004 எடைக்காக யார் கைபேசியை எடுப்பார்கள்?

புதன்கிழமைகளில் தண்ணீர் நிற்காமல் வரத் தொடங்கியது. ஜெனோவாவின் தெருவில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அவளுக்கும்தான்.

பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் தொட்டியில் இசக்கிராஜ் இறங்கினான். வயது இருபத்தாறு. காற்றுமானி, ஆபத்தில்லை என்று பச்சை காட்டியிருந்தது. சேற்றை மண்வெட்டியால் கிளறியதும் அடியில் தேங்கிக் கிடந்த வாயு மேலே வந்தது. காற்று அரை மணி மட்டுமே ஊதியிருந்ததால் அது முழுதாக வெளியேறியிருக்கவில்லை. மேலே நின்றவர்கள் கயிற்றை இழுத்தார்கள். நான்கு நிமிடத்தில் அவனைத் தூக்கிவிட்டார்கள். நான்கு நிமிடம் அவனுக்கு அதிகமாக இருந்தது.

அன்று மாலை ஊர் மன்றம் கூடி இரங்கல் தெரிவித்தது. தலைவர் எழுந்து பேசினார். கடைசியில், "வேதனையான விசயம். ஆனா யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இது சம்பந்தப்பட்டவங்களே எடுத்த முடிவு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மன்றத்தில் இருந்த அத்தனை பேர் தோள்களும் கொஞ்சம் தளர்ந்ததை ஜெனோவா கவனித்தாள். தன் தோளும் தளர்ந்ததை அதற்குப் பிறகுதான் உணர்ந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் குடியிருப்புக்குப் போனாள். ஊரிலிருந்து வேறு யாரும் வந்திருக்கவில்லை. மைமூன் மட்டும் பெரிய பாத்திரத்தில் தேநீர் கொண்டுவந்து, அழுது ஓய்ந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இசக்கிராஜின் அக்கா செல்லக்கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் தொட்டியில் இறங்கும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்திதான். பெண்கள் ஆறு பேரில் மூத்தவள்.

ஜெனோவா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்லக்கனிதான் முதலில் பேசினாள். "நான் 'குறைக்கலாம்'னுதான் போட்டேன் மேடம்."

"ஏன்?"

"மேலாளர் கூட்டம் போட்டாரு. ரெண்டு மணி நேரம் காத்துக் கெடந்தா ஒரு நாளைக்கு ரெண்டு தொட்டிதான் ஆகும், அதுக்கு இத்தனை பேரு எதுக்குன்னாரு. பாதிப் பேர நிறுத்திருவோம்னு வாயத் தொறந்து சொல்லல. எதுக்குன்னு மட்டும் கேட்டாரு. ஓட்டுப் போடுத அன்னைக்கு எங்க பக்கத்துல வந்து சும்மா நின்னாரு. மிரட்டல்லாம் இல்ல. சும்மா நின்னாரு."

"ரகசிய ஓட்டுதானே கனி."

"முப்பத்தெட்டுப் பேருக்குள்ள என்ன மேடம் ரகசியம்? மூணு பேரு 'கூடாது'ன்னு போட்டதா எண்ணிக்கை வந்துச்சு. யாரு அந்த மூணு பேருன்னு கண்டுபிடிக்க அவருக்கு ரெண்டு நாள் ஆகல. அதுக்கப்புறம் எந்தத் தொட்டியா இருந்தாலும் மொதல்ல இறங்குதது அந்த மூணு பேருதான்."

அவள் தம்பி பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே ஜெனோவாவுக்குப் புரிந்தது.

"என் எடை ரெண்டரைன்னு சீட்டுல போட்டிருந்துச்சு" என்றாள் செல்லக்கனி. "அந்த ரெண்டரையும் இப்ப என் நெஞ்சுல உக்காந்திருக்கு. ஊர்ல பதினோராயிரம் பேரு இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் கை சுத்தமா இருக்கு."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னாள். தேநீர்க் குவளையோடு அருகில் நின்றிருந்த மைமூன் அதைக் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மைமூன் மறுபடி மேல்முறையீட்டு அறைக்கு வந்தார். இந்த முறை சீட்டு கொண்டுவரவில்லை.

"தராசையே மாத்தணும்னா யாருகிட்ட மனு குடுக்கணும்?"

"எங்கிட்ட முடியாது. அது சாசனத்த மாத்துதது" என்றாள் ஜெனோவா. பிறகு, ஓர் அலுவலர் சொல்லத் தேவையில்லாத ஒன்றைச் சொன்னாள். "சாசனத்த மாத்துத ஓட்டுல மட்டும் தராசு கிடையாது. எல்லாருக்கும் ஒண்ணு. பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட்டா ஓட்டெடுப்பு வச்சே ஆகணும்."

"ஆயிரத்து நூறு கையெழுத்தா?"

"ஆமா."

"என் கடைக்கு ஒரு நாளைக்கு நானூறு பேரு வாராங்க" என்றார் மைமூன்.

அவர் நினைத்ததுபோல அது மூன்று நாளில் முடியவில்லை. ஏழு வாரமாயிற்று. கடைத்தெருவில் ஒரு வியாபாரி, "எங்க தெரு விசயத்த நாங்களே முடிவு பண்ணுதோம், நிம்மதியா இருக்கு, அதக் கெடுக்காதீங்க" என்று கதவைச் சாத்தினார். ஒரு தலைமையாசிரியர், தெரியாத விசயத்தில் கருத்துச் சொல்வது அறமாகாது என்று அரை மணி நேரம் விளக்கினார். மைமூன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியணும்னா என்கூட வாங்க சார்" என்று அவரைக் கூட்டிக்கொண்டுபோய் மூன்றாம் தொட்டியின் வாயருகே நிறுத்தினார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அப்படிப் போடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் போனவர்களும் இருந்தார்கள்.

குடியிருப்பிலிருந்து ஒரு கையெழுத்துகூட விழவில்லை. அதுதான் மைமூனுக்குப் புரியவில்லை.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நடந்தது. மைமூன் எழுந்து மூன்றே வரி பேசினார். "எங்க ஊர்ல ஒரு உயிர் போனா எனக்கு சைபர் பாதிப்புன்னு ஒரு மெசினு சொல்லுது. அது பொய். எல்லாருக்கும் பழையபடி ஒரு ஓட்டுக் குடுங்க."

நிறையப் பேர் கைதட்டினார்கள். அப்போது நடுவரிசையிலிருந்து செல்லக்கனி எழுந்தாள்.

"நான் இத ஒத்துக்க மாட்டேன்."

மைமூன் அடிவாங்கியதுபோல அவளைப் பார்த்தார்.

"மைமூன் லாத்தா மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் செல்லக்கனி. "என் தம்பிக்காக இந்த ஊர்ல மொதல்ல அழுதது அவுகதான். ஆனா பழையபடின்னு சொன்னாகல்லா, அந்தப் பழசு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்குப் பின்னால ஆலை. கடல்தண்ணிய அங்கதான் நல்ல தண்ணி ஆக்குதாங்க. அந்தத் தண்ணி எங்க தெருவுக்கு வரணும்னு ஆறு தடவ ஓட்டுக்கு விட்டாங்க. ஆறு தடவயும் நாங்க தோத்தோம். நாங்க நானூறு, நீங்க பத்தாயிரம். எல்லாருக்கும் ஒரு ஓட்டுதான். சமமாத்தான் தோத்தோம்."

ஆறு முறையும் எதிர்த்து வாக்களித்தவர்கள் அந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் இருந்தார்கள். பலருக்கு எப்படி வாக்களித்தோம் என்பதே நினைவில் இல்லை.

மேடையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜெனோவா கேட்டாள். "அப்ப தராசு இப்படியே இருக்கட்டுமா?"

"அதுவும் வேண்டாம். இப்படியே இருந்துதானே என் தம்பி போனான்." செல்லக்கனி ஒரு கணம் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஆலை மேலாளர் கைகட்டி நின்றிருந்தார். "உயிருக்கு ஆபத்து இருக்க விசயம்னா ரெண்டு பூட்டுப் போடுங்க. ஒரு சாவி எங்ககிட்ட, தராசு குடுத்த எடைப்படி. ஒரு சாவி ஊருகிட்ட, ஆளுக்கு ஒண்ணுன்னு. ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னாத்தான் நடக்கணும். ஒரு பக்கம் கூடாதுன்னுட்டா நடக்கக் கூடாது. ஊரு எங்கமேல எதையும் திணிக்க முடியாது. நாங்களும் எங்க பாட்டுக்கு முடிவு பண்ண முடியாது."

"உங்க விசயத்துல ஊருக்கு எதுக்குச் சாவி? நீங்களே 'கூடாது'ன்னு சொல்லிட்டாப் போதுமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.

மைமூன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தன் மனுவில் இருந்ததை அடித்துவிட்டு, செல்லக்கனி சொன்னதை எழுதினார். எழுத்துக்கூட்டி எழுத அவருக்கு நேரம் பிடித்தது. கூட்டம் காத்திருந்தது.

சாசனத் திருத்தம் ஆறாயிரத்து முந்நூறு வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். இரண்டு பூட்டு என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்தத் திருத்தப்படி, உயிராபத்துள்ள பழைய விதிகள் எல்லாம் மீண்டும் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். முதலில் வந்தது அரை மணி நேர விதி. கேள்வி எளிமையாக இருந்தது: அரை மணி நேரக் காத்திருப்பு தொடரலாமா? தொடரலாம், அல்லது கூடாது.

அந்த இரண்டு வாரமும் மைமூன் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு ஊரெல்லாம் அலைந்தார். 'கூடாது' என்று முடிவானால் புதன்கிழமை சாயங்காலம்வரை மீண்டும் தண்ணீர் வராது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்தாலும் மற்றவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜெனோவாவின் தெருவில் ஒருவர், "பணியாளருங்களே 'கூடாது'ன்னு போட்டுருவாங்க, ஒரு பூட்டு அவங்க கையில இருக்குல்லா, நாம எதுக்குத் தண்ணிய விட்டுக் குடுக்கணும்?" என்றார். அது நியாயம்போல இருந்ததால் பலர் தலையாட்டினார்கள்.

குடியிருப்பிலிருந்து எந்தப் பேச்சும் வரவில்லை. மைமூன் போய்க் கேட்டபோதும், "பாத்துக்கிடலாம் லாத்தா" என்றுதான் செல்லக்கனி சொன்னாள்.

வாக்கெடுப்பு மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. முடிவை மன்ற முற்றத்துப் பலகையில் காட்டுவது ஜெனோவாவின் வேலை. முற்றத்தில் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். மைமூன் முன்னால். செல்லக்கனியும் மற்றப் பணியாளர்களும் மதில் ஓரமாக. மேலாளர் அவர்களுக்குப் பக்கத்தில்.

முதல் பூட்டின் முடிவு முதலில் வந்தது. ஜெனோவா அதைத் தன் திரையில் பார்த்தாள். பிழை என்று நினைத்து மறுபடி பார்த்தாள். இப்போது பணியாளர்கள் முப்பத்தேழு பேர். தொடரலாம்: முப்பத்தேழு. கூடாது: சுழியம்.

பலகையில் எண்கள் தோன்றியதும் முற்றத்தில் ஒரு முனகல் பரவியது. மைமூன் திரும்பி மதில் ஓரத்தைப் பார்த்தார். முப்பத்தேழு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் செல்லக்கனியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

"இவங்களுக்காகவா அலைஞ்சோம்?" என்று மைமூனுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் பூட்டு எண்ணி முடிய இருபது நிமிடமாயிற்று. பாதிப் பேர் அதற்குள் கலைந்துபோனார்கள். ஊர் வாக்குகள் ஏறி இறங்கி வந்தன. ஒரு கட்டத்தில் 'தொடரலாம்' நூற்று ஐம்பது முன்னால் நின்றது. கடைசியில் நின்ற எண்கள் இவை: தொடரலாம், நான்காயிரத்து எண்ணூற்று எழுபது. கூடாது, ஐயாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

ஒரு பூட்டு திறக்கவில்லை. அரை மணி விதி ஒழிந்தது.

மேலாளர் முகம் சுண்டிவிட்டது. செல்லக்கனி அவரிடம் சொன்னது ஜெனோவாவின் காதில் விழுந்தது. "நாங்க எல்லாரும் நீங்க சொன்னபடிதான் போட்டோம் சார். ஊரு விடல. நாங்க என்ன செய்ய?"

அவர் முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். தேடுவதற்கு அங்கே ஒருவருமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை செல்லக்கனி அசையாமல் நின்றாள். பிறகு மைமூனிடம் வந்தாள். ஜெனோவாவும் படியிறங்கி வந்தாள்.

"எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன் லாத்தா" என்றாள் செல்லக்கனி. "ஒருத்தர்கூடக் 'கூடாது'ன்னு போடக் கூடாது, ஒரு ஓட்டு விழுந்தாலும் அது யாருன்னு தேடுவாரு, தேடிப் புடிச்சு மொதல்ல இறக்குவாருன்னு. எங்களால அவருகிட்ட 'கூடாது'ன்னு சொல்ல முடியாது. அத ஊரு சொல்லும்னு நெனச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க கடைக்கு ஒரு நாளைக்கு நானூறு பேரு வாராங்க லாத்தா. அதுல அவரு ஆளுங்களும் உண்டு."

மைமூன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மனதுக்குள் கழித்துப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. "இருநூத்து நாப்பத்திரண்டு பேரு கனி. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இருநூத்துச் சொச்சம் பேரு தண்ணிதான் பெருசுன்னு நெனச்சிருந்தா?"

"நெனச்சிருந்தா நாளைக்கும் அரை மணியிலயே இறங்கியிருப்போம்."

'கூடாது' என்று ஜெனோவா போட்டது நாலே முக்கால் மணிக்கு. அலுவல் நெருக்கடியில் மறந்தே போயிருந்தாள். முடிய கால் மணி இருக்கும்போதுதான் நினைவு வந்தது. அதை இவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செல்லக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மதில் ஓரத்தில் மற்றவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் தொட்டியில் வேலை என்று சொல்லி, இருவரிடமும் விடைபெற்றுக் கிளம்பினாள்.